பழைய வெள்ளிக்காசு சேர்ப்பவர்களுக்கு: பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் அடிக்கடி வரும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்கள் பழைய காசைப் பற்றிக் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பொற்காசு, செப்புக்காசு பக்கம் அதிகம் போகவில்லை. என் கிறுக்கு வெள்ளியோடு சரி.

நம்ம பக்கம் ரோமக் காசு கிடைத்தது என்கிறார்களே, உண்மையா, ஊர்க்கதையா?

உண்மை. 1800-ல் மைசூர், கனரா, மலபார் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன் பொள்ளாச்சிக்கு வந்தபோது, சற்று முன்னர்தான் அங்கே ஒரு பானை நிறைய ரோம வெள்ளிக்காசு தோண்டி எடுத்திருந்தார்கள். ஹர்டிஸ் என்ற கும்பினி அதிகாரி அதில் 6 காசை அவருக்குக் கொடுத்தார். ஒன்று அகஸ்டஸ் காசு, இன்னொன்று டைபீரியஸ் காசு, ஆக இரண்டே வகை. எடை 56 கிரெயின் என்று புக்கானன் குறித்து வைத்திருக்கிறார். நம் கணக்கில் 3.6 கிராமுக்குச் சற்று மேல். இந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் 1842-ல் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் ஒரே குவியலாக 500-க்கும் மேல். மேற்கே போனால் திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் பக்கத்தில் எய்யால். 1940-களின் நடுவில் அங்கே ரோமப் பொற்காசும் ரோம வெள்ளியும் நம் நாட்டு முத்திரைக் காசும் ஒரே புதையலாகக் கிடைத்தன. வரைபடத்தை எடுத்து முசிறி இருந்த பெரியாற்று முகத்துவாரம், எய்யால், கணவாய், பொள்ளாச்சி, வெள்ளலூர், நொய்யல் கரைக் கொடுமணல், கரூர் என்று புள்ளி வைத்துப் பாருங்கள். வியாபாரப் பாதை தானே தெரியும். இன்று லாரிகள் வாளையாறு வழியாகப் போவதும் ஏறக்குறைய அதே பாதையில்தான். மலைத்தொடரில் இவ்வளவு அகலமான வாசல் வேறு இல்லை.

அவ்வளவு தூரத்திலிருந்து வெள்ளி ஏன் வந்தது?

மிளகுக்காக. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் என்று முசிறியைப் பாடுகிறது அகநானூற்றின் 149-ஆம் பாட்டு. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. கறி என்றால் மிளகு. பாட்டு பொன்னைத்தான் சொல்கிறது. மண் வெள்ளியையும் சேர்த்துச் சொல்கிறது. தென்னாட்டில் பொன் விளையும் இடம் உண்டு, சொல்லும்படி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. அதனால் வந்த வெள்ளிக்கு இங்கே நல்ல மதிப்பு. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று ரோமாபுரியில் பிளினி என்ற எழுத்தாளர் புலம்பியிருக்கிறார். ஒரு தினாரியஸ் வெள்ளிக்காசுக்கு 4 செஸ்டர்ஸ்.

அதே பிளினி சொல்லும் இன்னொரு சேதி எனக்கு இதைவிடப் பிடித்தது. காற்று அடித்துக் கொண்டுவந்து இலங்கையில் ஒதுங்கிய ஒரு ரோமானியனிடம் இருந்த தினாரியஸ் காசுகளை அந்த நாட்டு அரசன் வாங்கிப் பார்த்தானாம். முகங்கள் வெவ்வேறு, ஆனால் எடை ஒன்றே. அதைப் பார்த்து, இவர்கள் நேர்மையானவர்கள் என்று வியந்தானாம். காசை இந்தப் பக்கத்து ஆட்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். முகம் யாருடையது என்பது இரண்டாம் பட்சம், முதலில் தராசு.

எந்தக் குவியலைப் பார்த்தாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் இரண்டு பேர்தானா? மற்ற அரசர்கள் காசு வரவில்லையா?

வந்தது, வெள்ளியில் குறைவு. கி.பி. 64-ல் நீரோ ஒரு வேலை செய்தான். ஒரு ரோம ராத்தலுக்கு 84 தினாரியஸ் என்று இருந்ததை 96 ஆக்கினான். காசு இளைத்தது, வெள்ளியில் செம்புக் கலப்பும் கூடியது. இங்கே வாங்குபவன் தராசும் உரைகல்லும் வைத்திருக்கும் ஆள். பழைய காசு கொடு என்றுதான் கேட்டிருப்பான். அதனால் நீரோவுக்குப் பிறகு கிளம்பிய கப்பல்களும்கூடப் பழைய காசைப் பொறுக்கி எடுத்து வந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. அது சரியென்றால், காசில் இருக்கும் அரசன் காலம் வேறு, அது இங்கே வந்து இறங்கிய காலம் வேறு. டைபீரியஸ் முகம் இருக்கிறது என்பதற்காகப் பானையை டைபீரியஸ் காலத்தில் புதைத்தார்கள் என்று முடிவு கட்டக்கூடாது.

அந்த இரண்டு வகையையும் அடையாளம் காண்பது எளிது. அகஸ்டஸ் காசின் பின்புறம் இரண்டு இளைஞர்கள் அங்கி அணிந்து நேராக நிற்பார்கள், நடுவில் இரண்டு கேடயம், பின்னால் ஈட்டிகள். அவர்கள் கையஸ், லூசியஸ் என்ற அவனுடைய தத்துப்பிள்ளைகள். பட்டத்துக்கு வரவேண்டியவர்கள், இருவரும் அவனுக்கு முன்பே இறந்துபோனார்கள். டைபீரியஸ் காசின் பின்புறம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் கோலும் மறு கையில் கிளையும் பிடித்திருப்பாள். விவிலியத்தில் சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடுங்கள் என்ற இடத்தில் வரும் காசு இதுதான் என்று பலர் நம்புவதால், உலகச் சந்தையில் இதற்குத் தனிக் கிராக்கி.

என்னிடம் உள்ள அகஸ்டஸ் காசில் எழுத்தே இல்லை, வெறும் குச்சியும் வட்டமுமாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதற வேண்டாம். அந்தக் காலத்திலேயே இந்தியாவில் ரோமக் காசைப் பார்த்து அச்சு வெட்டியிருக்கிறார்கள். லத்தீன் படிக்கத் தெரியாத கம்மியன் எழுத்தைப் படமாக நினைத்து வெட்டினால் குச்சியும் வட்டமும்தான் வரும். மூக்கு நீண்டிருக்கும், இளைஞர்கள் இரண்டு பேரும் பொம்மை போல நிற்பார்கள். வெள்ளி நன்றாகவே இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு காலத்தில் இவற்றை ஒதுக்கினார்கள், இப்போது தேடுகிறார்கள். எனக்கு அசலைவிட இவைதான் பிரியம். இங்கே உட்கார்ந்து வெட்டியவன் கை அதில் தெரிகிறது.

காசின் முகத்தில் உளியால் வெட்டிய கீறல் இருந்தாலும் அது நேற்று நடந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவை அப்படி முகத்தில் வெட்டுப்பட்டவை. புழக்கத்திலிருந்து எடுக்க வெட்டினார்களா, வேறு காரணமா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது.

முத்திரைக் காசு என்பது எது?

அரசன் முகமோ எழுத்தோ இல்லாமல், வெட்டிய வெள்ளித் துண்டில் தனித்தனி முத்திரையாகக் குத்திய காசு. சூரியன், ஆறு கை கொண்ட சக்கரம், குன்று, காளை, மரம் என்று பெரும்பாலும் ஒரு பக்கம் ஐந்து குறி. எடை 32 ரத்தி, அதாவது ஏறக்குறைய 3.4 கிராம். எடை மிகுந்தால் மூலையை வெட்டிச் சரி செய்வார்கள். அதனால்தான் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. பின்புறம் மீன் குறி போட்ட வகையைப் பாண்டியருடையது என்கிறார்கள்.

கணித அறிஞர் கோசாம்பி இவற்றை எடைபோட்டே வரலாறு எழுதினார். கைமாறக் கைமாறக் காசு தேயும். எந்தக் குறி உள்ளவை அதிகம் தேய்ந்திருக்கின்றனவோ அவை முந்தியவை. தட்சசீலக் குவியல்களில் இந்த முறையைப் பெரிதாகச் செய்தார். இடுக்கி மலையடிவாரத்து நம் போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரைக் காசுக் குவியலையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். கவனியுங்கள், குவியல் முழுசாகக் கையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். நாலு காசு நகைக்கடைக்கும் பத்துக் காசு சந்தைக்கும் போய்விட்டால் கோசாம்பியே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சேரர் வெள்ளிக்காசு என்று ஒன்று உண்டா?

உண்டு. சேரர் காசில் அதிகம் கிடைப்பது வில்லும் அம்பும் பொறித்த சதுரச் செம்பு. வெள்ளி அரிது. மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த வெள்ளிக்காசுகள் கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தவை. மாக்கோதை காசில் ஒரு தலை, அதன் மேலே பெயர். ரோமக் காசைப் பார்த்துச் செய்தது என்று பார்த்த உடனே தோன்றும். சங்ககாலக் காசுகளைத் தேடி வெளியிட்டதில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் பங்கு பெரிது. இணையத்தில் யாராவது மாக்கோதை வெள்ளி விற்கிறேன் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நூற்றில் தொண்ணூறு வார்ப்படப் போலிதான்.

ஆந்திரப் பக்கம்?

சாதவாகனர் வெள்ளி. முன்பக்கம் அரசன் தலை, சுற்றிப் பிராகிருதத்தில் பெயர். பின்பக்கம் அதே பெயர் திராவிட மொழியில், 'வாசிட்டி மகன்' என்ற பொருளில் வரும். அது தமிழா, பழைய தெலுங்கா என்று இரண்டு தரப்பும் இன்னும் மல்லுக்கட்டுகின்றன. சித்தூர், நகரிப் பக்கத்துத் தமிழர்கள் இதில் எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1906-ல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசு கிடைத்தது. எல்லாம் மேற்கு இந்தியாவை ஆண்ட மேற்குச் சத்ரபர்களில் ஒருவனான நகபானன் காசு. அதில் 9,000-க்கும் மேல் சாதவாகன அரசன் கௌதமீபுத்திர சாதகர்ணி தன் முத்திரையை மேலே குத்தி வெளியிட்டவை. தோற்றவன் முகத்தின் மேலேயே வென்றவன் குறி. போர்ச்செய்தியைக் கல்வெட்டில்லாமல் சொல்லும் குவியல் அது.

தோப்பில் குழி தோண்டும்போது பானை கிடைத்தால் என்ன செய்வது?

ஜேசிபியை நிறுத்துங்கள். பானையைக் கவிழ்க்காதீர்கள், கழுவாதீர்கள், பக்கத்து வீட்டுக்குப் பங்கு கொடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள், எத்தனை அடி ஆழம் என்று பாருங்கள். பிறகு தகவல் சொல்லுங்கள். கேரளப் பக்கம் என்றால் வில்லேஜ் ஆபீஸ், தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் விஏஓ, இல்லையென்றால் காவல் நிலையம். வேலி எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துச் சட்டமும் மாறும். தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், கேரளத்துக்கு 1968-ல் வந்த தனிப் புதையல் சட்டம். இரண்டிலும் சேதி கலெக்டருக்குப் போயாக வேண்டும்.

1878 சட்டப்படி மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனாலே சொல்லியாக வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உரிமை கோர யாரும் இல்லை என்று ஆகி, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் இடையே தனி ஒப்பந்தமும் இல்லை என்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கும். இந்தக் கடைசி விதி எனக்கு உடன்பாடில்லை. சேரன் காசுக்கும் கொலுசுக்கும் ஒரே விலை என்றால், ஜனங்கள் சத்தமில்லாமல் பத்தரிடம் போகத்தான் செய்வார்கள். மூசையில் போனது போனதுதான். ஆனாலும் சட்டம் அப்படி இருக்கும்வரை சொல்லிவிடுவதுதான் வழி.

2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் ரப்பர் தோட்டத்தில் மழைக்குழி தோண்டிய தொழிலுறுதி (நூறு நாள் வேலை)ப் பெண்களுக்குப் புதையல் கிடைத்தது. முதலில் வெடிகுண்டோ என்று பயந்தார்கள். பிறகு காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். தொல்லியல் துறை பார்த்தபோது, வீரராயன் பணம் என்ற பழைய மலபார்க் காசும் கண்ணூர் அலிராஜா வெளியிட்ட வெள்ளிக்காசும் பொன் காசுமாலைத் துண்டுகளும் ஒன்றாக இருந்தன. எல்லாம் ஒரே கலத்தில் இருந்ததால்தான் அது யார் வீட்டுச் செல்வமாக இருந்திருக்கும், எந்தக் காலத்தில் புதைத்தார்கள் என்று யோசிக்க வழி பிறந்தது.

பழைய காசு வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமா?

சேர்ப்பது குற்றமில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய காசு தொல்பொருள். அதை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. துபாயில் இருக்கும் மச்சானுக்குப் பார்சலில் போடுவது அன்புதான், ஆனால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. விற்பவரிடம் பில் கேளுங்கள். பில் கொடுக்கத் தயங்கும் காசு எனக்கு வேண்டாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எடை. 0.01 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். நீரோவுக்கு முந்திய தினாரியஸ் 3.6-லிருந்து 3.9-க்குள் இருக்கும். தேய்ந்தது சற்றுக் குறையலாம். 4.6 காட்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து அடர்த்தி. தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் முழுக விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 3.63 கிராம் காசு 0.35 காட்டினால் விடை ஏறக்குறைய 10.4, நல்ல வெள்ளி. 9 பக்கம் வந்தால் உள்ளே செம்பு. அப்படி வந்தாலும் உடனே தூக்கி எறிய வேண்டாம். செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசை ரோமானியரே அடித்திருக்கிறார்கள், அதுவும் சரித்திரம்தான்.

கடைசியாகக் கண். பூதக்கண்ணாடியில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்படக் காசில் விளிம்பு நடுவே ஒரு கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். பரப்பில் குண்டூசி முனை அளவு குமிழிக் குழிகள் தெரியும். அச்சடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக எழும். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே அடி பட்டிருந்தால் இரண்டுமே ஒரே வார்ப்பில் பிறந்தவை. பத்தர் உரைத்து வெள்ளி என்று சொல்வது மட்டும் போதாது. போலி செய்பவனும் வெள்ளியில்தான் செய்கிறான்.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட கம்பெனிக் காசு இருக்கிறது, அரிசியை இழுக்குமாம். கோடி ரூபாய் தருகிறார்களே?

ரைஸ் புல்லிங் மோசடி இது. கும்பினி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அவை கோயில் வாசலில் விற்ற வில்லைகள். பரிசோதனைக்கு முன்பணம் கட்டு என்று யாராவது வந்தால் நேரே போலீசுக்குப் போங்கள்.

புளி போட்டுத் தேய்த்து வெளுக்கலாமா?

வேண்டாம். புளி, விபூதி, பல்பொடி, பாத்திரம் விளக்கும் பொடி எதுவும் வேண்டாம். மேலே படிந்த கருப்பு வெள்ளியைக் காக்கும் தோல். அதைச் சுரண்டினால் எழுத்தின் மேல்பரப்பும் சேர்ந்து போகும், விலையும் பாதியாகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். சிமெண்ட் தரையில் விழுந்தால் இரண்டாகப் போகும், மேஜையில் துணி விரித்துப் பாருங்கள்.

எதில் வைப்பது?

மளிகைக்கடை பிளாஸ்டிக் கவரிலும் மலிவான பிவிசி ஆல்பத்திலும் வைக்காதீர்கள். நம் மழைக்காலப் புழுக்கத்தில் பிசுபிசுவென்று பச்சை ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத காகித உறை, மேலே மைலார் என்ற பிவிசி இல்லாத பிளாஸ்டிக் உறை, டப்பாவில் ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிக்கா பொட்டலம். போதும்.

உறையின் மேல் எழுதுவதில்தான் நிறையப் பேர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். எடை, குறுக்களவு, யாரிடம் எப்போது வாங்கியது, அவர் எங்கே கிடைத்ததாகச் சொன்னார், கூட வேறு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். 'கூட' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போடுங்கள். பொள்ளாச்சிப் பானை எங்கே போனதோ, நமக்குத் தெரிந்ததெல்லாம் புக்கானன் எழுதி வைத்த சில வரிகள்தான். அந்த வரிகள் இல்லையென்றால் அந்த 6 காசும் எந்த நாட்டிலும் கிடைக்கும் 6 காசு.

பாட்டி வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சக்கரம் பழங்காலக் காசா?

இல்லை, திருவிதாங்கூர்க் காசு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். வெள்ளிச் சக்கரம் மிளகு அளவுதான் இருக்கும். இதைக் கையால் எண்ணிமாளாது என்று சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். மரப்பலகையில் வரிசை வரிசையாகக் குழி, மேலே ஒரு பிடி காசைக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மிச்சம் சரிந்து விழும். காசைவிடப் பலகை கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், கரூர் அரசு அருங்காட்சியகம், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனை. கோயிக்கலில் காசுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் பெண் காசு சேர்க்க ஆசைப்படுகிறாள். முதலில் எதை வாங்குவது?

மேற்குச் சத்ரபர் வெள்ளி. இரண்டு கிராம் சொச்சம், பழைய வெள்ளியில் விலை குறைந்தவற்றில் ஒன்று. பின்பக்கம் மூன்று வளைவுக் குன்றும், சுற்றிலும் அரசன் பெயரோடு அவன் அப்பன் பெயரும் இருப்பதால் வம்சாவளியே கையில் வந்துவிடும். நிறையக் காசுகளில் அரசன் தலைக்குப் பின்னால் பிராமி எண்ணில் சக ஆண்டு பொறித்திருக்கும். பிராமி எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், படித்ததோடு 78 கூட்டினால் கி.பி. ஆண்டு. விளிம்பு வெட்டுப்படாமல் எண் முழுசாக விழுந்த காசாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், முகம் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை.